அத்தானின் சல்லடை

என் அக்கா வீட்டுக்காரரை அவர் நண்பர்கள் 'பஞ்சாயத்து' என்றுதான் கூப்பிடுவார்கள். பகலில் ஒரு பஸ் கம்பெனி அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறார். மாலையில் சம்பளமில்லாத உத்தியோகம்: எங்கெங்கோ இருக்கும் ஆயிரம் பேர் சேர்ந்து இலவசமாகத் தரும் ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் பெயர்த் தகராறு தீர்ப்பது. இரண்டு புரோகிராம்களைத் தட்டி இயக்கும் கட்டளைக்கு ஒரே பெயர் இருந்தால், ஒன்று ஏறிய மெஷினில் மற்றது ஏறாது. யாராவது பெயரை மாற்றியாக வேண்டும். எழுதியவர்களோ, பெற்ற பிள்ளையின் பெயரைப் பிடுங்கியதுபோல் குதிப்பார்கள்.

அத்தான் அசரமாட்டார். "பேர்ல என்னங்க இருக்கு? ஒரு எழுத்து சேத்துக்குங்க" என்று பதில் எழுதுவார். கைவிட்ட பெயரை ஆறு மாதம் யாருக்கும் கொடுக்கக் கூடாது, மக்களின் விரல் அதை மறக்கட்டும் என்பது அவரே கொண்டுவந்த விதி. ஊருக்கு உபதேசம் செய்வதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

அவர் சொந்தமாக எழுதிய புரோகிராம் ஒன்றே ஒன்று. பெயர் 'சல்லடை'. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அக்காவுக்காகக் கல்யாணமான புதிதில் எழுதியது. நீளமான பட்டியலில் ஒரே பெயர் திரும்ப வந்தால் ஒருமுறை மட்டும் திரையில் காட்டும். பன்னிரண்டு வருடமாக அக்கா தினமும் காலையில் அதைத்தான் தட்டுகிறாள். வேறு யாரும் பயன்படுத்துவதாகத் தகவல் இல்லை. ஆனாலும் அதைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தில் ஒரு பூரிப்பு வரும் பாருங்கள், நான் பிறந்தபோது என் அப்பாவுக்குக்கூட வந்திருக்காது.

போன மாதம் ஒரு கல்லூரிப் பெண் புதிய புரோகிராமோடு வந்தாள். பெயர் அதேதான். அதற்கு ஆயிரக்கணக்கானவர்கள் காத்திருந்தார்கள்.

அத்தான் மூன்று பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி என்னிடம் காட்டினார். முதலில் வந்தது என்னுடையது, இது வெறும் பெயரல்ல, இத்யாதி.

"இதை வேற யாராவது அனுப்பியிருந்தா என்ன பண்ணுவீங்க, அத்தான்?"

"படிச்சே இருக்க மாட்டேன்" என்றார். கடிதத்தை அழித்தார்.

அழித்ததோடு நின்றிருக்கலாம். விட்டுக்கொடுப்பதென்று ஆனதும் வள்ளல் வேஷம் ஏறிவிட்டது. ஆறு மாதமெல்லாம் வேண்டாம், இன்றைக்கே எடுத்துக்கொள் என்று அந்தப் பெண்ணுக்கு எழுதினார். பாராட்டு குவிந்தது. தன்னுடையதற்கு 'சல்லடை-பழசு' என்று பெயர் வைத்தார். அந்த ஜோரிலேயே அக்காவின் லேப்டாப்பிலும் இரண்டையும் தன் கையாலேயே ஏற்றினார். அக்காவிடம் சொல்ல மட்டும் தோன்றவில்லை.

மறுநாள் காலை அக்கா வழக்கம்போல் தட்டினாள். புதுசு திரையில் காட்டுவதோடு நிற்காது, ஃபைலிலேயே கை வைத்து, திரும்ப வரும் பெயரை அழித்துவிடும். இரண்டு பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தவர்களுக்கெல்லாம் ஒன்று காணாமல் போனது. முந்தைய நாள் நகல் இருந்ததால் தப்பித்தாள்.

சாயங்காலம் பையைக்கூட வைக்காமல் ஆரம்பித்தாள். "ஊர்ப் பஞ்சாயத்தெல்லாம் பண்றீங்க, வீட்ல ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

அத்தான் எழுந்து நின்றுவிட்டார். "தப்புதான். பழசு அப்படியே இருக்கு. பேரோட 'பழசு'ன்னு சேத்து அடி, போதும்."

"வேணாங்க" என்றாள் அக்கா. கோபம் தணிந்திருந்தது. "புதுசுலயும் ஃபைலைத் தொடாம காட்ட ஒரு வழி இருக்கு. மத்தியானம் உக்காந்து படிச்சேன். வேகமா வேற இருக்கு. நான் அதையே வச்சுக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தானின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பாவமாக இருந்தது.

யாரும் பயன்படுத்தாத புரோகிராமை நீக்குவதற்கும் ஒரு படிவம் உண்டு. அன்றே அதைத் திறந்தார். காரணம் என்ற இடத்தில் 'பயன்படுத்துவோர் இல்லை' என்று தட்டினார். பிறகு அக்கா இருந்த அடுக்களைப் பக்கம் பார்த்துக்கொண்டு, அனுப்பாமல் உட்கார்ந்திருந்தார்.