ஊர்ச்சூடும் பெரும்பாடும்

நெய்வேலிக்கு வந்தபின் வெளிர்நிறப் புடவைகளைப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். நிலக்கரித் தூசிக்குப் பயந்து என்று எங்கள் பிளாக்கில் எல்லோரும் நினைத்தார்கள். தென்காசிக்காரி விவரமானவள் என்று மெச்சியவர்களும் உண்டு. நான் பயந்தது கறைக்கு. மாதவிடாய் வந்தால் ஒரு வாரம் கழிந்தும் நிற்காது, கட்டிகட்டியாகப் போகும், நாப்கினை மணிக்கொரு முறை மாற்ற வேண்டும். குவார்ட்டர்ஸ் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கி நடுவிலேயே உட்கார்ந்துவிடுவேன்.

ஊரில் இருந்தவரை எனக்கு நான்கு நாளில் முடிந்துவிடும். தென்காசிச் சாரலில் வளர்ந்த உடம்பு, அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் சூடாகாதா? "அந்த ஊரு சூடு ஒனக்கு ஆகலட்டி" என்றாள் அம்மா போனில். வெந்தயம் ஊறவைத்துத் தின்றேன், மோராகக் குடித்தேன், பண்ருட்டிப் பலாப்பழத்தைத் தொடவேயில்லை. பிழைக்க வந்த ஊரின்மேல் பழி போடுவது வசதியாக இருக்கிறது. முடி கொட்டினால் தண்ணீர், தூக்கம் கெட்டால் ஷிப்ட், இதற்குச் சூடு. உள்ளே வேறொரு பயமும் இருந்தது. ஊரில் எங்கள் தெருவில் இப்படி ஆஸ்பத்திரிக்குப் போன பெண்கள் கர்ப்பப்பையை எடுத்துவிட்டுத்தான் திரும்பினார்கள். எனக்கு இன்னும் குழந்தை இல்லை.

பக்கத்து வீட்டுச் செல்வி இங்கே அருகிலுள்ள கம்மாபுரத்துப் பெண், என் வயதுதான். ஒருநாள் துணி உலர்த்தும்போது தலை சுற்றி, கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னவென்று கேட்டாள். எங்கள் ஊர் வார்த்தையிலேயே, "பெரும்பாடா இருக்கு செல்வி" என்றேன்.

"யாருக்குத்தான் பாடு இல்லீங்க? வூட்டுக்காரரு எதுனா சொன்னாரா?"

அதிகமாக உதிரம் போவதற்கு எங்களூரில் அதுதான் பெயர் என்று விளக்கும்போது சிரிப்பு வந்தது. சொல்லி முடிப்பதற்குள் அழுகையும் வந்தது. அவள் புரிந்துகொண்டதிலும் தப்பில்லை. நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டே, பட்டுத்தீர வேண்டிய பாடாகத்தானே நானும் அதை வைத்திருந்தேன்.

"இத்தினி மாசமா இத வச்சிகினா மாடிப்படி ஏறிகினு இருந்தீங்க? கெளம்புங்க" என்று என் செருப்பை அவளே எடுத்துப் போட்டாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "ஃபைப்ராய்டு. கர்ப்பப்பையில வளர்ற சதைக்கட்டி. நிறையப் பேருக்கு இருக்கு. பார்த்தவரைக்கும் கேன்சர் மாதிரி இல்ல" என்றார்.

"நான் தென்காசி டாக்டர். இந்த ஊர்ச் சூட்டாலயா?"

"தென்காசியிலயே இருந்திருந்தாலும் வந்திருக்கும்மா."

கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. செல்விதான் கேட்டாள். "கட்டிய மட்டும் எடுக்கலாம். குழந்தைக்கு வாய்ப்பு இருக்கு. ஆனா ரத்தம் ரொம்பக் கம்மி, முதல்ல அத ஏத்தணும்." அந்த 'மட்டும்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அன்று முழுக்க இருந்தேன்.

எனக்கு ஏற்றும் ரத்தத்துக்குப் பதிலாக ரத்த வங்கிக்குக் கொடுக்க என் கணவரோடு, சுரங்கத்தில் ஷிப்ட் முடித்துவந்த செல்வியின் கணவரும் நின்றார். எனக்கு ஏறியது யாருடையதோ தெரியாது. இந்தப் பக்கத்து மனிதர் ஒருவருடையதாகத்தான் இருக்கும். அது சொட்டிக்கொண்டிருக்கும்போது அம்மா போன் செய்தாள்.

"இங்க வந்துருட்டி. நம்ம ஊருத் தண்ணியக் குடிச்சாத்தான் ஒனக்கு ரத்தம் ஊறும்."

"இந்த ஊரு ரத்தம் ஏறிக்கிட்டு இருக்கும்மா."

அம்மா தயங்கி, "ஒத்துக்கிடுமாட்டி?" என்று கேட்டாள்.

"ஒத்துக்கிடுதான்னு பாத்துட்டுத்தாம்மா ஏத்துதாங்க" என்றேன்.