கள்ளுப் பானைத் தளம்

செஞ்சியில் கோடை வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை, மலையிலிருந்தும் வரும். ஊரைச் சுற்றி நிற்கும் கோட்டை மலைகள் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு அதைத் திருப்பிக் கொடுக்கும். பஸ்ஸில் வந்து இறங்குகிற வெளியூர்க்காரர்கள் கோட்டையை அண்ணாந்து பார்த்து வாயைப் பிளப்பார்கள். அந்த பஸ்ஸின் கண்டக்டர் அருளானந்தம் மட்டும் மலைப் பக்கம் திரும்பவே மாட்டான். அவன் வீடு அந்த மலைகளில் ஒன்றான கிருஷ்ணகிரியின் அடியில் இருந்தது. பாறையோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு அதில் என்ன அழகு தெரியும்?

பிள்ளையில்லாமல் செத்துப்போன பெரியப்பா வழியில் வந்த வீடு அது. பனங்கை போட்டு, செங்கல் அடுக்கி, மேலே சுண்ணாம்புத் தளம் போட்ட பழைய மெத்தை வீடு. இரண்டே அறைகள். மேற்குச் சுவர் முழுக்கக் கருங்கல். தளம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஆனாலும் மெத்தை வீடு மெத்தை வீடுதானே. மதலைமுத்து உபதேசியார் தன் மகள் மரியசெல்வியை அவனுக்குக் கட்டிக்கொடுத்ததே அந்த வீட்டைப் பார்த்துத்தான். உபதேசியார் வல்லத்துக்குக் கிழக்கே ஒரு கிறிஸ்தவ ஊர்க்காரர். சாமியார் வராத ஞாயிறுகளில் கோயிலில் செபம் சொல்வது, சாவு வீட்டில் முன்னால் நிற்பது எல்லாம் அவர்தான். ஓலைக் குடிசையில் வளர்ந்த பெண் மெத்தை வீட்டுக்குப் போகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். ஓலைக்குக் கீழே எவ்வளவு குளிர்ச்சி என்பது மரியசெல்விக்கு முதல் கோடையிலேயே தெரிந்துவிட்டது.

தலைப்பிள்ளை லில்லி. வழக்கப்படி தாய் வீட்டில் பிறந்து, மூன்றாம் மாதம் புகுந்த வீட்டுக்கு வந்தது. அது சித்திரை மாதம். கத்திரி வெயில் தொடங்கிய வாரம் பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதித்து, இழுப்பு வந்தது. வைத்தியர் வந்து பார்த்துக் கையை விரித்துவிட்டுப் போனார். சாகக் கிடக்கும் உயிருக்குப் பக்கத்தில், கோயிலில் மந்திரித்த மெழுகுவர்த்தியை ஏற்றி வைப்பது அவர்கள் வழக்கம். மாதா படத்துக்குக் கீழே இருந்த மெழுகுவர்த்தியை அருளானந்தம் எடுக்கப் போனான். ஒருநாளும் ஏற்றாத மெழுகுவர்த்தி அது, அறையின் வெக்கையிலேயே அரிவாள் மாதிரி வளைந்து கிடந்தது. அதை எதில் வைத்தும் நிற்க வைக்க முடியவில்லை. கடைசியில் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். உருகின மெழுகு விரல் மேல் வழிந்தது. பிள்ளை அடங்கும்வரை அவன் கையை எடுக்கவில்லை.

அடக்கத்துக்கு வந்த உபதேசியாரிடம் மரியசெல்வி, "மெழுகுவத்தியே வளைஞ்சி கெடந்துச்சி, இந்த ரூம்பு வெக்கதான் நைனா கொழந்தைய கொன்னுடுச்சி" என்று சொல்லி அழுதாள்.

"வெக்கையில யாரும் சாவறதில்லம்மா. ஆண்டவர் சித்தம்" என்றார் அவர். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான். மகள் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, நாற்பத்தொன்பதாம் வருஷம் தை மாதத்தில், தாய் வீட்டில் ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. மூன்றாம் மாதம் மறுபடியும் சித்திரையில் வந்து நின்றது. மரியசெல்வி வர மறுத்துவிட்டாள். அருளானந்தத்தின் பஸ் திண்டிவனத்துக்கும் அவலூர்பேட்டைக்கும் இடையே ஓடுவது. மாமனார் ஊர் வழியாகத்தான் தினமும் போகும், வரும். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் நிற்பாள். ஆட்கள் ஏறி இறங்குகிற நேரத்துக்கு அவன் தன் மகனைப் பார்ப்பான். கன்னத்தைக் கிள்ளலாம், பெயர் சொல்லிக் கூப்பிடலாம், அதற்குள் விசில் ஊத வேண்டும். ஊருக்கே டிக்கெட் கிழிப்பவன் சொந்தப் பிள்ளையை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான் என்றால், அந்த வீட்டை அவன் எவ்வளவு வெறுத்திருப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெறுத்துக்கொண்டே அதைச் சரிசெய்யவும் இறங்கினான். முதலில் கொத்தனாரைத்தான் கூப்பிட்டான். அவர் தளத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இடிச்சிட்டு ஓடு போடுங்க" என்று போய்விட்டார். அருளானந்தத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இனி யாரையும் கூப்பிடுவதில்லை, தானே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தான்.

அடுத்த வருஷம் மாசியில் செய்த முதல் வேலை ஒரு கூத்து. உத்தரத்துக்குக் கீழே மூங்கில் பாயைக் கட்டி, தளத்துக்கும் பாய்க்கும் நடுவில் மல்லாட்டைத் தோலைத் திணித்தான். செஞ்சிப் பக்கத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள். உடைக்கிற மில்லில் தோல் மலை மாதிரி கொட்டிக் கிடக்கும், யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளலாம். அறை கொஞ்சம் குளிர்ந்தது உண்மை. ஆனால் உடையாத கடலையும் தோலோடு கலந்து மேலே போயிருந்தது. ஊர் எலிகளுக்கெல்லாம் எப்படியோ சேதி எட்டியது. தலைக்கு மேலே அப்படி ஒரு ஓட்டம், அப்படி ஒரு சரசரப்பு. எலியைத் தேடிப் பாம்பு வரும் என்று எதிர்வீட்டுக்காரர்கள் சொன்னதும் பாயை அறுத்துக் கீழே தள்ளினான். அரைநாள் தும்மினான்.

வழி பஸ்ஸிலேயே கிடைத்தது. பஸ்ஸின் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து வருகிறவர்கள் பங்குனி பிறந்தாலே புலம்பத் தொடங்குவார்கள். கண்டக்டர் காதில் அதுதான் நாள் முழுக்க விழும். அவலூர்பேட்டைச் சந்தைக்குக் குயவர்கள் மேலே பானைகளை ஏற்றி வந்த நாளில் மட்டும் ஒருவரும் புலம்பவில்லை. அருளானந்தம் கையை உயர்த்திக் கூரையைத் தொட்டுப் பார்த்தான். சுடவில்லை. சந்தையில் பானை இறங்கிய பிறகு திரும்பி வரும்போது தொட்டான், கை பொரிந்தது. வெறும் பானைக்குள் இருக்கும் காற்று வெயிலைக் கீழே விடவில்லை என்று புரிந்துகொண்டான். தளம் முழுக்கப் பானையைக் கவிழ்த்து, மேலே சுண்ணாம்பு போட்டு மூடினால் போதும்.

ஆனால் அத்தனை பானைக்கு எங்கே போவது? அவலூர்பேட்டையில் கள்ளுக்கடை வைத்திருந்த பொன்னுசாமி பஸ்ஸில் அடிக்கடி வருகிறவர். மதுவிலக்கு வந்து கடையை மூடிய பிறகு சும்மாதான் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"எங் கடைப் பின்னால அடுக்கி வச்சது அப்பிடியே இருக்குது. எடுத்துனு போ கண்டக்டரே. சட்டம் கள்ளுக்குத்தான், பானைக்கு இல்ல. ஆனா ஒண்ணு, கள்ளுப் பானைய எத்தினி வாட்டி கழுவினாலும் வாசன போவாது."

"மேல தளத்துல இருக்கப் போவுது. அதுல மூஞ்சி வச்சா படுக்கப் போறேன்?" என்றான் அருளானந்தம்.

பஸ் மேலே கள்ளுப் பானைகள் ஊர்வலமாக வந்தன. வழியெல்லாம் ஆட்கள் கை தட்டினார்கள். கிழவர் ஒருவர் பஸ்ஸை நோக்கிக் கும்பிடு போட்டார். வேலை இல்லாத நேரமெல்லாம் அருளானந்தம் தளத்தில் இருந்தான். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்தான். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் ஊற்றிப் புதுச் சுண்ணாம்பை இடித்தான். பானைகளை வாய் கீழாக வரிசையாக வைத்து, இடுக்கில் செங்கல் ஜல்லியைத் திணித்து, மேலே சுண்ணாம்பைப் பரப்பிக் கட்டையால் தட்டினான். கைத்தோல் உரிந்து, டிக்கெட் கிழிக்கவே சிரமப்பட்டான். மேற்குச் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளிப் பனையோலைத் தட்டி கட்டினான், வெயில் கல்லில் படக்கூடாது என்பதற்காக.

வேலை முடிந்ததைப் புளியமரத்தடியில் சொன்னான். மரியசெல்வி முந்தானையிலிருந்து ஒரு புது மெழுகுவர்த்தியை எடுத்து பஸ்ஸுக்குள் நீட்டினாள்.

"மந்திரிச்சது. அந்த ரூம்புலயே, மாதா படத்தாண்ட நிக்க வைங்க. ஏத்தாதீங்க. கத்திரி வெயில்ல இது நேரா நின்னா சொல்லுங்க, வரேன்."

"வளைஞ்சா?"

அவள் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். டிரைவர் ஹார்ன் அடித்தார்.

கத்திரி பிறந்தது. அருளானந்தம் வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டையைக் கழற்றுமுன் மெழுகுவர்த்தியைத்தான் பார்ப்பான். நின்றது. மலை கொதித்தது, தெருவில் நாய்கூட நடக்கவில்லை, மெழுகுவர்த்தி வைத்தது வைத்தபடி நின்றது. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் வெயில் ஏற ஏற, தளத்துப் பானைகள் தங்கள் பழைய புத்தியைக் காட்டின. பொன்னுசாமி சொன்னது சரிதான். பானை ஓட்டில் ஊறியிருந்த புளிப்பெல்லாம், தளத்து வெடிப்பு வழியாக அறைக்குள் இறங்கியது. ஜன்னலைத் திறந்து வைத்தான், வாசனை தெருவுக்குப் போனது. மதுவிலக்கு அமலில் இருக்கும் ஊரில், பட்டப்பகலில், ஒரு கண்டக்டர் வீட்டிலிருந்து கள் மணத்தது.

யாரோ போலீஸுக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். போலீஸ் ஏட்டு ஒருவர் மத்தியான வெயிலில் வந்தார். அடுப்பங்கரை, அரிசிப் பானை எல்லாம் மோந்து பார்த்தார். ஏணி வைத்துத் தளத்தில் ஏறினார், காலைச் சுட்டுக்கொண்டு இறங்கினார். அறைக்குள் வந்ததும் நின்றார்.

"இன்னாய்யா, இங்க மட்டும் இப்பிடி குளுகுளுன்னு இருக்குது?"

அருளானந்தம் பானை விஷயத்தைச் சொன்னான். ஏட்டு நம்பினாரோ இல்லையோ, தொப்பியைக் கழற்றித் தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சாய்ந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அருளானந்தம் கதவைத் திறந்து போட்டபடி கிளம்பிவிட்டான். ஏட்டு சாயங்காலம்வரை குறட்டை விட்டுத் தூங்கி, குற்றம் ஏதுமில்லை என்று எழுந்து போனார். கள் மணக்கும் வீட்டில் போலீஸ்காரர் விழுந்து கிடந்ததை எட்டிப் பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? ஏட்டும் கண்டக்டரும் சேர்ந்து குடிக்கிறார்கள் என்ற பேச்சு அடுத்த பஸ்ஸிலேயே ஏறி உபதேசியார் ஊரில் இறங்கியது.

அதனால், மெழுகுவர்த்தி நிற்கிறது என்று அருளானந்தம் சொல்லி மரியசெல்வி கிளம்பி வந்த அன்று, அவள் தனியாக வரவில்லை. உபதேசியார் கூடவே வந்தார். பஸ் செஞ்சியில் மத்தியானம் ஓய்வெடுக்கும் நேரம். அருளானந்தம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். வாசற்படியில் கால் வைத்ததும் உபதேசியார் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"கேள்விப்பட்டது பொய்யா இருக்கும்னு வேண்டினு வந்தேன். இது ஊடா, கள்ளுக்கடையா? வா செல்வி, போலாம்."

"மாமா, நான் சொட்டுகூட குடிச்சதில்ல. அது பானையோட வாசன" என்றான் அருளானந்தம். அந்தப் பதில் அவனுக்கே நன்றாக இல்லை.

மரியசெல்வி இரண்டு பேரையும் பார்க்கவில்லை. உள்ளே போனாள். மாதா படத்துக்குக் கீழே மெழுகுவர்த்தி நேராக நின்றது. அவள் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். அங்கேயே வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் லில்லி படுத்திருந்த அதே இடத்தில் துணியை விரித்துப் பிள்ளையைக் கிடத்தினாள். வெயிலில் வந்து சிணுங்கிக்கொண்டிருந்த பிள்ளை கையைக் காலை நீட்டியது, கொட்டாவி விட்டது, தூங்கிப்போனது. அவள் அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதாள். வாசலில் நின்ற அருளானந்தத்துக்கும் கண் நிறைந்தது.

"செல்வி, காதுல விழல? கௌம்பு" என்றார் உபதேசியார்.

"கள்ளு வாசனையில யாரும் சாவறதில்ல நைனா" என்றாள் அவள்.

உபதேசியார் மூக்கைப் பொத்தியிருந்த கையை இறக்கினார். அவள் எழுந்து போய் மெழுகுவர்த்தியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"கோயில்லயே வச்சிடுங்க. இங்க இதுக்கு வேல இல்ல."

அவர் ஜிப்பாப் பையில் அதைப் போட்டுக்கொண்டு, மருமகனை விலக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அன்று பஸ் மேலே ஒரு கூடைகூட இல்லை. தகரம் அனலாகக் கொதித்தது. உபதேசியார் ஜன்னலோரம் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டே வந்தார். வல்லம் தாண்டியதும் பையில் என்னவோ உறுத்த, கையை விட்டு எடுத்தார்.

மெழுகுவர்த்தி அரிவாள் மாதிரி வளைந்திருந்தது.

அதை நிமிர்த்தப் பார்த்தார். பக்கத்துப் பலகையில் நிற்க வைத்துப் பார்த்தார். அது சாய்ந்தது. டிக்கெட் கொடுத்துக்கொண்டு வந்த அருளானந்தம் அவரருகில் நின்றான்.

"மாப்ள, அன்னிக்கும் இப்பிடித்தான் இருந்துச்சா?" என்று கேட்டார் உபதேசியார்.

"ஆமாம் மாமா. நிக்கல. கையிலதான் புடிச்சினு இருந்தேன்."

உபதேசியார் இந்த முறை ஆண்டவர் சித்தம் என்று சொல்லவில்லை. மருமகனின் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். சுண்ணாம்பு தின்ற விரல்களைத் தடவினார். தன் ஊர் வந்ததும் வளைந்த மெழுகுவர்த்தியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இறங்கி, கோயிலை நோக்கி நடந்தார். டிரைவர் திரும்பிப் பார்த்த பிறகுதான், விசில் ஊத வேண்டும் என்பது அருளானந்தத்துக்கு நினைவு வந்தது.