ஈரச் சுண்ணாம்பில் ஒரு கை

அருள்ராஜ் அண்ணன் பொய் சொல்கிறார். எங்கள் கல்லறைக் கமிட்டிச் செயலாளரைத்தான் சொல்கிறேன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். நீங்களும் நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

எங்கள் குடும்பப் பெயர் டோலன். நாகலூர்ப் பக்கம் காபி எஸ்டேட்டில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பத்துக்கு அயர்லாந்துக்காரர் பெயர் எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. போன வருடம் அப்பா இறந்தபோது, அவர் கல்லறையில் அந்தப் பெயரைச் செதுக்கக்கூடாது என்று அருள்ராஜ் அண்ணன் தடுத்துவிட்டார்.

"ஏனுங்க தம்பி, தொர ஊட்டுல வேல செஞ்சா தொர பேரு வந்துருமுங்களா? எங்க மாமன் கலெக்டர் ஆபீஸ்ல வாட்ச்மேன். அவர கலெக்டர்னு கூப்புடலாமுங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவைப் புதைத்த மண் காயவில்லை, சிரிக்கிறார்கள்.

"உங்க பேருதான்னு ஆதாரம் கொண்டாங்க, நானே செதுக்கித் தர்றேன்" என்றார்.

கல்லறைத் தோட்டத்தின் மூலையில் பழைய வெள்ளைக்காரர் கல்லறை ஒன்று இருக்கிறது. டோலன் கல்லறை என்றுதான் சொல்வோம். கல்லறைத் திருநாள் வந்தால் எங்கள் ஆட்கள் அதற்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். தலைமுறை தலைமுறையாகப் பயபக்தியோடு அடித்து அடித்து, கல்லில் இருந்த எழுத்தையே மூடிவிட்டோம். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் என் தங்கை, "அந்தக் கல்லுல ஊர்ப் பேரு இருந்தா அனுப்புண்ணா, இங்க விசாரிக்கறேன்" என்றாள். திருநாளுக்கு முந்தின நாள் காலையில் சுரண்டப் போனேன். அருள்ராஜ் அண்ணனும் வந்து நின்றுகொண்டார், கல்லை உடைத்துவிடுவேனாம்.

சுண்ணாம்போடு கல்லும் பொரிந்து வந்தது. ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை. வந்த ஆத்திரத்தில் புதுச் சுண்ணாம்பை அடித்துவிட்டு, வாளியையும் சுண்ணாம்பு அடித்த மட்டையையும் கழுவக் குழாயடிக்குப் போனேன், அவரும் பேசிக்கொண்டே கூட வந்தார், பனிமூட்டம் இறங்கிவிட்டது, தோட்டத்தில் வேறு யாருமில்லை. திரும்பி வந்து பார்த்தால் ஈரச் சுண்ணாம்பில் ஒரு கை பதிந்திருந்தது.

சின்னக் கை, பெண்ணின் கை. மோதிர விரலின் அடி மட்டும் இருந்தது, மீதி பதியவில்லை. எங்கள் குடும்பத்தில் வயது ஏறினால் மோதிர விரல் உள்ளங்கைப் பக்கம் மடங்கிப் போகும். அப்பாவுக்கு அப்படித்தான், எனக்கும் மடங்கிக்கொண்டு வருகிறது. அயர்லாந்தில் இந்த மாதிரி நிறையப் பேருக்கு உண்டு என்று தங்கை பிறகு சொன்னாள். இத்தனை காலமும் நாங்கள் ஒரு துரையைத்தான் தேடினோம். ஒரு பெண்ணாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அருள்ராஜ் அண்ணன் பதறவே இல்லை. என் கையிலிருந்த மட்டையைப் பிடுங்கி அந்தக் கையைத் தேய்த்து அழித்தார். அழித்துக்கொண்டே, மெதுவாக, "இன்னும் நீ போவலயா?" என்றார். ரொம்ப நாள் பழகிய ஆளிடம் கேட்பது போல. கையை மறந்தாலும் அந்தக் குரலை மறக்க முடியவில்லை.

இப்போது கேட்டால், "பனியில ஏதோ தெரிஞ்சிருக்கும் தம்பி" என்கிறார். சரி. வருகிற ஞாயிறு பூசை முடிந்து சனம் கலைவதற்குள் மாதா கோயில் வாசலில் நிற்பேன். அன்றைக்குச் சிரித்த அத்தனை பேர் முன்னாலும் சொல்லுங்கள் அண்ணா: முதல்முதலாக அந்தக் கையை எப்போது பார்த்தீர்கள்? இதுவரை எத்தனை தடவை அழித்தீர்கள்?