செல்வியின் நாற்பது வரிகள்

ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைத்தவன் நான். அதுவும் ஒரே வாக்கியத்தில்! அது அவளுக்கு இன்றுவரை தெரியாது. நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள்.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் மென்பொருள் எழுதுகிறேன். செல்வி அங்கே கேட்டில் ஒப்பந்த ஊழியர், வியாசர்பாடியிலிருந்து வருவாள். உள்ளே வரும் ஒவ்வொரு கன்டெய்னர் பெட்டியின் எண்ணையும் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. ஓர் இலக்கம் தவறினால் போதும், அந்தப் பெட்டியைத் தேடி யார்டையே புரட்ட வேண்டும். வெளியே டிரெய்லர்கள் எண்ணூர் சாலை வரை வரிசை கட்டி நிற்கும்.

பெட்டி எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கென்றே வைத்தது. முன்னால் இருக்கும் எழுத்துகளையும் எண்களையும் கணக்கிட்டால் அதுதான் விடையாக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை. இரண்டு வருடம் உட்கார்ந்து நான் எழுதிய புரோகிராம் அதைப் பார்க்கவே இல்லை... எனக்குத் தோன்றவில்லை! செல்வி தானாகக் கற்றுக்கொண்டு நாற்பது வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். தவறான எண்ணை அடித்தால் திரை சிவந்துவிடும்.

"இன்னாம்மா செல்வி, இப்பல்லாம் கேட்டுல பேஜாரே இல்ல, சர்ருனு போவுது!" என்றார்கள் டிரெய்லர் ஓட்டுநர்கள். எனக்குக் காதில் விழுந்தது.

மேலாளர் என்னை அழைத்தார். "அந்தப் பொண்ண உங்க டீம்ல எடுத்துக்கலாமா? புரோகிராமர் போஸ்ட், பெர்மனென்ட். நீங்க சரின்னா சரி."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சார், அது வெறும் ஸ்கிரிப்ட். புரோகிராமிங் வேற."

வேறுதான்! இருக்கிற மென்பொருளிடம் இதைச் செய், அடுத்து அதைச் செய் என்று எழுதிக் கொடுத்தால் ஸ்கிரிப்ட் என்கிறோம். மென்பொருளையே அடியிலிருந்து கட்டினால் புரோகிராம் என்கிறோம். ஆனால் கோடு எங்கே விழுகிறது என்று எங்களில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் வேண்டியது ஒரே யோசனைதானே? இது எனக்குத் தெரியாதா? தெரியும். நான் விட்டதை அவள் பிடித்துவிட்டாளே என்ற வயிற்றெரிச்சல்... அவ்வளவுதான்.

ஒப்பந்தம் முடிந்ததும் அவளை அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரமே அந்த நாற்பது வரிகளை என் புரோகிராமுக்குள் எடுத்து வைத்தேன். அவற்றின் தலைப்பில் 'செல்வி எழுதியது' என்றிருந்தது. அதை அழித்தேன். சீ, நானும் ஒரு மனிதனா!

போன மாதம் காலடிப்பேட்டை பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் டோக்கன் எழுதுகிறாளாம்.

"சார், நல்லா கீறீங்களா? நம்ம ஸ்கிரிப்ட்டு இன்னும் ஓடிகினு கீதா?"

எவ்வளவு ஆசையாகக் கேட்டாள்! 'ஓடுதும்மா' என்று ஒரு சொல்... அதற்குக்கூட எனக்கு வாய் வரவில்லை.

"இல்லம்மா, அப்பவே எடுத்தாச்சு."

அவள் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு சிரித்தாள். "சரி வுடுங்க சார். நான் இன்னா பெரிய புரோகிராமரா?"

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். அன்று காலையிலும் கேட்டில் அவளுடைய வரிகள்தான் ஓடின. இன்றும் ஓடுகின்றன. அழித்த பெயரைத் திரும்ப எழுத ஒரு நிமிடம் போதும். உங்களிடம் இவ்வளவும் சொல்லிவிட்டேன்... அதை இன்னும் எழுதவில்லை.