திருப்பிக்கொண்ட முகம்

எழுபதுகளில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்கூடத்தில் வேலையில் இருந்தேன். விரிசல் விட்ட சுடாத ஜாடி ஒன்றைக் களிமண் பூசி மறைத்துச் சூளைக்குள் வைத்துவிட்டேன். அது வெடித்து, சுற்றியிருந்த சரக்கெல்லாம் பாழானது. என்னோடு சூளை அடுக்கிய பஷீர் பாய்தான் காரணம் என்று அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நான் வாய் திறக்கவில்லை.

அதன்பின் அவரை ஜங்ஷனில் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஞாயிறுதோறும் சர்ச்சில் முழங்காலிட்டு அழுவேன். அதுதான் மனந்திரும்புதல் என்று நம்பினேன்.

அவர் இறந்த பிறகுதான் அவர் வீட்டுப் படியேறத் துணிவு வந்தது. என் பெயரைச் சொன்னதும், திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி கேட்டார்:

“எங்க வூட்டுக்காரரு உங்களுக்கு என்னங்க தப்பு பண்ணாரு? ‘என்னப் பாத்தா அவரு ஏன் மூஞ்சத் திருப்பிக்கிறாரு’ன்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு.”

உண்மையைச் சொன்னேன். கேட்க வேண்டியவர் அங்கே இல்லை.

அத்தனை வருடமும் எனக்கிருந்தது வெட்கம்தான். மனம் திரும்பவே இல்லை, முகம்தான் திரும்பியிருந்தது.