சார்ஜன்ட் இல்லாத குதிரைப்படை

மகளுக்கு வெள்ளைக்கார மாப்பிள்ளை என்றதும், சுவிஸில், பேர்ண் நகரில் இருக்கிற என் சொந்தக்காரர் முதலில் விசாரித்தது மாப்பிள்ளையை அல்ல, தகப்பனின் உத்தியோகத்தை. பிரிட்டனில் அரச மாளிகைக்குக் காவல் நிற்கிற குதிரைப்படையில் இருந்தவர், கோப்ரல் மேஜராக இளைப்பாறினவர் என்றேன்.

"கோப்ரலோ? ஊரிலை ஆமியின்ரை சென்றிப் பொயின்ரிலை எங்கடை ஐடென்டிக் காட்டைப் பிடுங்கினவங்களும் கோப்ரல்தானே அத்தான்" என்றான் மனைவியின் தம்பி. படித்தவன், பாசல் நகரில் மருந்துக் கொம்பனியில் வேலை. "இவ்வளவு வருசத்திலை ஒரு சார்ஜன்ட்டாவது ஆகேல்லையோ?"

பதவி பார்த்துச் சிரிக்கிற கூட்டம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கோப்பை கழுவின சமையலறையையே பிறகு விலைக்கு வாங்கினவன். என் சம்பந்தியை இவர்கள் வாயில் போட்டு மெல்ல விடுவேனோ? கல்யாணத்தன்று மைக்கை நானே எடுத்தேன். "மாப்பிள்ளையின் தந்தையார், சார்ஜன்ட் மேஜர் அவர்கள், மணவறைக்கு வரவும்!" ஆங்கிலத்திலும் ஒருக்கால் சொன்னேன்.

மனிசன் கதிரையை விட்டு அசையவில்லை. பதக்கம் குத்தின நெஞ்சுக்கு மேலே முகம் செக்கச் சிவந்துவிட்டது. மாப்பிள்ளையின் தகப்பனும் வந்து இருந்தால்தான் தாரை வார்க்கலாம்; ஐயர் செம்போடு காத்திருக்கிறார், முகூர்த்தம் போய்க்கொண்டிருக்கிறது.

"அப்பா, இஞ்சை வாங்கோ" என்று, மாப்பிள்ளை காதோடு சொன்னதைக் கேட்டு, மணவறையிலிருந்தே மகள் சீறினாள். "அவையின்ரை படையிலை சார்ஜன்ட் எண்டு ஒருத்தரும் இல்லை. மற்றப் படையிலை சார்ஜன்ட் மேஜர் எண்டால், அங்கை கோப்ரல் மேஜர். சார்ஜன்ட் எண்ட சொல்லே லத்தீனிலை வேலைக்காரன் எண்டதிலையிருந்து வந்ததாம், அப்பிடிக் கூப்பிட்டால் அவைக்கு அவமானமாம். மாத்திச் சொல்லாட்டி அவர் வரமாட்டார்."

"நான் அவரை உயர்த்தினனான், பிள்ளை!"

"ஆரப்பா உங்களை உயர்த்தச் சொன்னது?"

குதிரைக்கு வைக்கோல் போட்டு, சப்பாத்து மினுக்கின மனிசனுக்கு எவ்வளவு எடுப்பு! தாலி கட்டுகிற நேரத்திலும் விடாப்பிடி. ஆனால் அங்கே குந்தியிருந்து அழப்போவது என் பிள்ளை. மறுபடி மைக்கைப் பிடித்து, மண்டபம் அதிர, "கோப்ரல் மேஜர் அவர்கள்!" என்றேன். மச்சானின் மேசையில் கொல்லென்று சிரிப்பு. சம்பந்தி எழுந்து, குதிக்கால் இரண்டையும் சேர்த்துத் தட்டிவிட்டு, அணிவகுப்பில் வருகிறவர் மாதிரி நடந்து வந்து மணவறையில் அமர்ந்தார். தாரை வார்த்தாயிற்று, தாலியும் ஏறிற்று.

சாப்பாட்டில் மச்சான் கிட்ட வந்தான். "கோப்ரல்தான் எண்டு சபையறியச் சொல்லிப்போட்டியள், அத்தான்."

"ஓம் தம்பி. தன்ரை பதவியை மாத்திச் சொன்னதுக்கு அவர் கதிரையை விட்டு எழும்பேல்லை. உன்ரை பதவியைக் காப்பாத்த நீ ஒரு நாளைக்கு எத்தினை பேருக்கு எழும்புறாய்?"