அம்மாவிடம் எந்த ஊர் என்று கேட்டேன்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நீல அடையாளக் கார்டு. அம்மாவுக்கு மட்டும் சிவப்பு. நீலம் வைத்திருப்பவர்கள் இந்த நாட்டுக் குடிமக்கள். சிவப்பு வைத்திருப்பவர்கள் இங்கே இருந்துகொள்ளலாம், அவ்வளவுதான். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலி ஆட்களின் வரிசை வீட்டில், பிறந்து, இன்னொரு தோட்டத்து லயத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவள் அவள். கடலைத் தாண்டுவது இருக்கட்டும், பக்கத்து டவுனான ரவாங்கைத் தாண்டிப் போனதையே விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நாடு சுதந்திரம் அடைந்த சமயத்தில் ஆபீசர்கள் தோட்டத்துக்கே வந்து மனு எழுதி வாங்கினார்களாம். அப்பா காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு வந்தார். அம்மா அந்த வாரம் தலைப்பிரசவத்தில் கிடந்தாள். "பொம்பளைக்கு எதுக்கு அதெல்லாம்" என்று அப்பா விட்டுவிட்டார். அந்தப் பிள்ளையும் தங்கவில்லை, கார்டும் வரவில்லை. இதற்காக நான் அப்பாவை ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தேன். நான் செய்ததோடு வைத்துப் பார்த்தால் அவர் செய்தது ஒன்றுமே இல்லை.

எண்பதுகளின் நடுவில் தோட்டம் கைமாறியது. ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போடப்போகிறார்கள், லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி வந்து சொல்லிவிட்டுப் போனார். பட்டணத்து ஓரத்தில் அரசாங்கம் மலிவு வீடுகள் கட்டிக்கொண்டிருந்தது. குடியுரிமை உள்ளவர்கள் மனுப் போடலாம். அப்பா செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மூத்தவளான எனக்குப் பதினெட்டு வயது. மனுப் போட இருபத்தொன்று ஆக வேண்டும். எனக்குக் கீழே இரண்டு தம்பிகள். ஆக, அம்மாவின் கார்டு நீலமானால் வீடு. இல்லாவிட்டால் நடுத்தெரு.

அம்மா பயப்படவில்லை. "நான் என்ன கள்ளத்தோணியா? இங்க பொறந்தவ. கேட்டா குடுக்கப் போறான்" என்றாள். மனு எழுதிப் போட்டதிலிருந்து சாயங்காலமானால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மலாய்க்காரர்கள் கம்பத்தில் இருந்த ஜாவாக்கார அம்மாளிடம் போய் மலாய் பேசிப் பழகினாள். அந்த அம்மாள் சின்னக் குழந்தையாக அவளுடைய அப்பாவோடு ஜாவாவிலிருந்து கப்பலில் வந்தவள். இருவரும் பேசிய மலாய் சந்தை மலாய்தான். தலையும் இருக்காது, காலும் இருக்காது. ஆனால் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

"லாஹிர் மானா?" என்று அவள் கேட்பாள். எங்கே பிறந்தாய் என்று அர்த்தம்.

"சினி லா! மானா லாகி?" என்பாள் அம்மா. இங்கதான் லா, வேற எங்க?

இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்கு அந்த மலாயைக் கேட்டாலே உடம்பு கூசும். நான் பதினேழு வயது வரை படித்து ஐந்தாம் படிவம் முடித்தவள். வகுப்பில் மலாய் மொழிக்கு நான்தான் முதல். லயத்தில் யாருக்கு அரசாங்கக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் எடுத்துக்கொண்டு வருவார்கள். தலைக்கனம் என்றால் அப்படி ஒரு தலைக்கனம்.

பதிவு ஆபீசில் கூப்பிட்டார்கள். அம்மா கல்யாணப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மலாய்க்கார கிளார்க்குக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். நல்ல மனுஷர். 'மக்சிக்' என்று பெரியம்மாவைக் கூப்பிடுவது போலத்தான் அம்மாவைக் கூப்பிட்டார். பெயர் என்ன என்று அவர் கேட்டதும் அம்மா எழுந்து நின்று, மூன்று வார்த்தைகளை முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டுச் சொன்னாள். பக்கத்து மேசையில் இருந்த பெண் சிரித்தாள். எனக்கு முகம் எரிந்தது.

"நீ சும்மா இரும்மா. நான் பேசிக்கிறேன்" என்றேன்.

அம்மா உட்கார்ந்துவிட்டாள். இன்றைக்கு மனுவைச் சரிபார்ப்பதுதான், நேர்காணல் பிறகு வரும், மகள் மொழிபெயர்க்கலாம் என்று கிளார்க்கும் சொன்னார். அடுத்து, "அசால் மானா?" என்று கேட்டார். பூர்விகம் எது என்று. நான் அம்மா பக்கம் திரும்பி, "எந்த ஊருன்னு கேக்குறாரும்மா" என்றேன்.

எங்கள் தோட்டத்தில் ஊர் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். நாங்கள் குடியிருந்த இடம் ஊர் இல்லை, அது தோட்டம். பக்கத்தில் மலாய்க்காரர்கள் இருப்பது கம்பம். கடைத்தெரு இருப்பது டவுன். ஊர் என்றால் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பது. லயத்துக்குப் புதிதாக யார் வந்தாலும், சம்பந்தம் பேச வந்தாலும், முதல் கேள்வி "நீங்க எந்த ஊரு?" என்பதுதான். அங்கே கால் வைத்தே இராதவர்கள் சேலம் என்பார்கள், புதுக்கோட்டை என்பார்கள். கேட்டவருக்கும் பார்த்திராத ஊர்தான். இருந்தும் ஒருவரையொருவர் தெரிந்துகொண்ட மாதிரி தலையை ஆட்டிக்கொள்வார்கள்.

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அரசாங்க ஆபீசில் இப்படி மரியாதையாக விசாரிப்பார்கள் என்று அவள் நினைக்கவில்லை.

"சேலம் ஜில்லா. ராசிபுரம் பக்கம்னு சொல்லு."

"இந்தியா, என்சிக்" என்று மரியாதையாகச் சொன்னேன் நான்.

எழுதிக்கொண்டார். "பிலா டத்தாங்?" எப்போது வந்தார்கள்?

"எப்ப வந்தேன்னு கேக்குறாரும்மா."

"கல்யாணம் கட்டித்தான் வந்தேன். பதினேழு வயசு." அவள் சொன்னது எங்கள் தோட்டத்துக்கு வந்ததை. நான் அதையும் பிசகில்லாத மலாயில் எடுத்துச் சொன்னேன். கிளார்க் பேனாவை நிறுத்தி அம்மாவை ஒரு நிமிஷம் பார்த்தார். எதற்குப் பார்த்தார் என்று நான் யோசிக்கவில்லை. காகிதத்தைத் திருப்பி வைத்தார், அம்மா பெருவிரல் ரேகை வைத்தாள். கிளம்பும்போது அவர், "உங்கள் மகள் அருமையாக மலாய் பேசுகிறாள்" என்றார். அது மட்டும் அம்மாவுக்கு நன்றாகப் புரிந்தது. பஸ்ஸில் ஏறினதிலிருந்து இறங்கும் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். டவுனில் எனக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தாள்.

ஆறேழு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. வாசற்படியில் நின்று பிரித்தேன். மனுதாரர் இந்தியாவில் பிறந்து, பதினேழு வயதில் இந்த நாட்டுக்குள் வந்ததாகத் தாமே வாக்குமூலம் கொடுத்திருப்பதால், மனுவில் கண்டபடி இங்கே பிறந்தவர் என்று ஏற்க இயலவில்லை. மனு நிராகரிக்கப்படுகிறது. ஒரு தடவை படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"என்ன போட்டிருக்கான்?" என்றாள் அம்மா.

"கெடைக்கலம்மா."

"ஏனாம்?"

"காரணம் ஒண்ணும் போடல" என்றேன்.

மறுவாரம் யாருக்கும் சொல்லாமல் நான் மட்டும் அந்த ஆபீசுக்குப் போனேன். அதே கிளார்க் இருந்தார். நடந்ததைச் சொன்னதும் மனுஷர் தலையில் கை வைத்துக்கொண்டார். சரிசெய்ய முடியும் என்றார். முன்பு சொன்னது தவறு என்று அம்மா நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும், அவள் பிறந்ததை அறிந்த பெரியவர்கள் இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். முடியாத காரியம் இல்லை. அம்மாவுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சியே அப்போது உயிரோடுதான் இருந்தாள். ஆனால் அதற்கு நான் முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும். நீ வாயைத் திறந்திருந்தால் உனக்குக் கிடைத்திருக்கும், நான் திறந்ததால் போயிற்று என்று சொல்ல வேண்டும்.

நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். பிறகு தீபாவளி கழியட்டும் என்று வைத்தேன். அடுத்த வருஷம் மருத்துவச்சி போய்ச் சேர்ந்தாள். தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்து, மற்ற பெரியவர்களும் பிள்ளைகளோடு எங்கெங்கோ போய்விட்டார்கள். நானும் சொல்லவில்லை.

கடிதம் வந்த அன்று ஜாவாக்கார அம்மாள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எனக்குக் கொடுத்தார்களே, அக்கா. என்னையும் அசால் மானா என்றுதான் கேட்டார்கள், ஜாவா என்றுதான் சொன்னேன்" என்று அவளுடைய மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவள் என்ன செய்வாள்? மனசார அழுதாள். ஆனாலும் கோபம் வந்தது. என் மேல் வர வேண்டியதை எங்கேயாவது கொண்டுபோய் இறக்கி வைக்க வேண்டியிருந்தது.

லயத்தை விட்டு ரவாங்கில் ஒரு கடைக்குப் பின்னால் வாடகை அறைக்கு வந்தோம். நான் ஃபேக்டரியில் சேர்ந்தேன். அம்மா மலாயை விடவில்லை. டிவியில் மலாய்ச் செய்தி வந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வாசிப்பவர் சொல்வதைத் தானும் முணுமுணுப்பாள். தம்பிகள் கேலி செய்வார்கள். அவளுடைய உச்சரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்திக்கொண்டே வந்தது. அதைக் கேட்க முடியாமல் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அதையும் கேலி என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, நான் வீட்டில் இருந்தால் சத்தத்தைக் குறைத்துக்கொள்வாள்.

ஒரு நாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும் புள்ள. அன்னைக்கு ஆபீசுல ஒன்னைய தலைகுனிய வச்சுட்டேன். படிச்ச பொண்ணு நீ, பக்கத்துல ஒக்காந்திருக்க, எனக்குப் பேரைக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியல. அதப் பாத்துட்டுத்தான் அவன் வேணாம்னு எழுதிட்டான். என்னாலதான் வீடு போச்சு. என்னைய மன்னிச்சுரு லா."

தெருமுனையில் ஃபேக்டரி பஸ் ஹார்ன் அடித்தது.

"பரவால்லம்மா, விடு" என்று சொல்லிவிட்டுப் போய் பஸ்ஸில் ஏறினேன்.